அப்பாவின் துப்பாக்கியை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது

1

என் மகள் துப்பாக்கி சுடப் பழகுகிறாள் என்பதை ஊரில் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன். பாட்டு, நடனம் என்றால் வீடியோ எடுத்து அனுப்பலாம். இதை என்னவென்று அனுப்புவது? நாங்கள் இருக்கும் டெக்ஸஸில், அவள் படிக்கும் பள்ளிக்கூடத்தில், நீச்சல் குழு, கூடைப்பந்துக் குழு மாதிரி ரைபிள் குழு என்றும் ஒன்று உண்டு. பதினொன்றாம் வகுப்பில் யாழினி அதில் போய்ச் சேர்ந்தாள். காரணம் கேட்டேன். "சும்மாதான்" என்றாள். அந்த வயதுப் பிள்ளைகளிடம் அதற்கு மேல் கேட்டால் அறைக்கதவு சாத்திக்கொள்ளும்.

பெற்றோர் வந்து பார்க்கலாம் என்று ஒருநாள் அழைத்திருந்தார்கள். பயிற்சிக் கூடத்துக்குள் மேகசின் எதுவும் கொண்டு வரக் கூடாது என்று முன்கூட்டியே மின்னஞ்சல் வந்தது. காத்திருக்கும் நேரத்தில் படிக்கலாம் என்று பையில் போட்டிருந்த தமிழ் வார இதழை எடுத்துக் காரிலேயே வைத்துவிட்டுப் போனேன். அவர்கள் சொன்னது துப்பாக்கியில் தோட்டா நிரப்பும் பெட்டியை. உள்ளே பயிற்சியாளர் அம்மாள் பிள்ளைகளைப் பார்த்து "ஐந்து ரவுண்டு" என்றார். மைதானத்தை ஐந்து சுற்று ஓடச் சொல்கிறார் என்று நான் வாசலைப் பார்த்தேன். ஒருத்தரும் ஓடவில்லை. எல்லாரும் ஐந்து தோட்டா சுடுவதற்காகப் பாயில் குப்புறப் படுத்தார்கள்.

தோட்டா என்றால் அந்தப் பித்தளைக் குப்பியோடு முழுசாகப் பறந்துபோய்க் குத்தும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். சுட்டபிறகு குப்பி மட்டும் பாயில் வந்து விழுந்ததும், பாவம், குண்டு வழுக்கி விழுந்துவிட்டது போலிருக்கிறது என்று குனிந்து எடுத்தேன். விரல் பொசுங்கிவிட்டது. யாழினி தலையில் அடித்துக்கொண்டாள். பயிற்சியாளர் அம்மாள் சிரித்துக்கொண்டே, முதல்நாள் வருகிற எல்லாரும் ஏதாவது ஒன்றை இப்படி நம்பிக்கொண்டுதான் வருவார்கள் என்றார். சுடப்பட்டவன் பத்தடி பின்னால் பறப்பான், சைலன்சர் மாட்டினால் சத்தமே வராது, துப்பாக்கி கீழே விழுந்தால் தானே நாலு பேரைச் சுடும். எல்லாம் சினிமா தந்த படிப்பு. கேட்டுச் சிரித்தோம்.

"ஒன்றை மட்டும் கேட்டுச் சிரிக்க மாட்டேன்" என்றார் அவர். "துப்பாக்கி காலியாகத்தான் இருக்கிறது என்பதை."

2

அண்ணன் செல்வராஜ் ஸ்ரீரங்கத்தில் பள்ளி ஆசிரியர். அம்மா மண்டபம் சாலையை ஒட்டிய ஒரு தெருவில், முதல் மாடியில் குடியிருப்பு. அண்ணி மலர், கல்யாணமாகி வெகுநாள் கழித்துப் பிறந்த மகள் ஓவியா. ஓவியாவுக்கு ஐந்து வயது.

அண்ணனுக்கு அமெரிக்கா பற்றித் தனியாக ஒரு அறிவு உண்டு. "அங்க எல்லாரும் இடுப்புல சொருகிக்கிட்டுதான் பால் வாங்கப் போவாங்களாமே?" என்று போனில் கேட்பார். "நீ எதுக்கும் யாரையும் பார்த்து ஹாரன் அடிக்காத பாப்பா." நானும் அவரைப் பயமுறுத்த வேண்டாம் என்று, அதெல்லாம் ஒன்றும் இல்லை அண்ணே என்பேன். ஒன்றும் இல்லாமல் இல்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

வேடிக்கை என்னவென்றால், துப்பாக்கி இருந்தது எங்கள் வீட்டில்தான். அப்பாவுக்கு மருங்காபுரியில் மானாவாரி நிலம். கடலை போட்டால் காட்டுப்பன்றி, சோளம் போட்டால் மயில். விரட்டுவதற்காக லைசென்ஸ் எடுத்து ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார். அவர் அதை வைத்து எதையும் கொன்றதாக எனக்கு நினைவில்லை. வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடிப்பார், அவ்வளவுதான். எங்களைத் தொட விடமாட்டார். திருச்சிக்குப் படிக்க வந்து, அங்கிருந்து கடல் தாண்டிப் போன பிறகு நான் அதை மறந்தே போனேன்.

போன வருஷம் அப்பா காலமானார். கடைசி மாதங்களில் ஞாபகம் தடுமாறிக் கிடந்தார். காரியம் முடிந்ததும் அண்ணன் மருங்காபுரி வீட்டைப் பூட்டி, முக்கியமான சாமான்களை ஸ்ரீரங்கத்துக்குக் கொண்டுவந்தார். அதில் துப்பாக்கியும் ஒன்று. லைசென்ஸ் எடுத்தவர் இறந்ததுமே அதைப் போலீஸில் ஒப்படைத்திருக்க வேண்டும். அண்ணனுக்கு அது தெரியும். ஒருநாள் பள்ளிக்கூட வேலை, ஒருநாள் ஓவியாவுக்குக் காய்ச்சல், இன்னொரு நாள் அப்பா தொட்ட பொருளாயிற்றே என்று ஒரு தயக்கம். அது லாஃப்டிலேயே கிடந்தது. இந்தப் பங்குனியில் தேர்தல் அறிவித்தார்கள். லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்று அப்பா பெயருக்கே ஆள்விட்டுச் சொல்லியிருந்தார்கள்.

"திதி முடியட்டும். நீயும் வந்துடு. ரெண்டு பேருமா சேர்ந்து கொண்டுபோய்க் குடுத்துடலாம்" என்றார் அண்ணன்.

யாழினிக்கு வசந்தகால விடுமுறை. என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. நாங்கள் இருவர் மட்டும் கிளம்பினோம்.

3

காலையில் அம்மா மண்டபம் படித்துறையில் திதி கொடுத்தோம். மதியம் சாப்பாடு முடிந்து எல்லாரும் ஹாலில் உட்கார்ந்திருந்தோம். ஓவியா தரையில் சுவரை ஒட்டி உட்கார்ந்து கிரேயானில் யானை வரைந்துகொண்டிருந்தாள். அண்ணி காபியை ஆற்றிக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சமையலறைப் பக்கம் போனார். அண்ணன் ஸ்டூல் போட்டு ஏறி, அப்பாவின் பழைய வேட்டியில் சுற்றிய நீளமான ஒன்றை லாஃப்டிலிருந்து இறக்கினார்.

யாழினி அப்போது போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துணி விலகும் சத்தத்துக்கு நிமிர்ந்தாள்.

குழல் முழுக்கத் துரு. கட்டையில் கறையான் தொட்ட தடம். அண்ணன் அதைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு, "அப்பா எப்படி நிப்பாரு தெரியுமா பாப்பா? இப்படி" என்று தோளில் வைத்துக் காட்டினார். அப்படித்தான் நிற்பார். "இதுதான் குதிரை. இதை இப்படிக் கட்டைவிரலால இழுப்பாரு" என்று குழலின் பின்னால் கொக்கி போலிருந்ததை இழுத்தார். துரு உரசும் சத்தம் வந்து, 'க்ளக்' என்று அது பின்னாலேயே நின்றுகொண்டது.

"மாமா, சுடும்! சுடும்!" என்று கத்தினாள் யாழினி.

அண்ணன் திரும்பிப் பக்கத்து ஸ்டூலில் இருந்த காபி டம்ளரைப் பார்த்தார். "ஆறிடுச்சுடா கண்ணு" என்றார்.

"நான் நல்லா ஆத்திதான் கொண்டாந்தேன் யாழு, சூடெல்லாம் இல்ல" என்றார் அண்ணி சமையலறை வாசலிலிருந்து.

நானும் சிரித்துவிட்டேன். அமெரிக்காவில் பிறந்த பிள்ளை இவ்வளவு தமிழாவது பேசுகிறதே என்ற சிரிப்பு. அவள் சொன்ன வார்த்தையில் ஒரு பிழையும் இல்லை என்பது அடுத்த நொடிதான் உறைத்தது. அண்ணன் டம்ளரைப் பார்க்கத் திரும்பியபோது குழலும் கூடவே திரும்பியிருந்தது. அதன் வாய் ஓவியாவைத் தாண்டி அண்ணியின் வயிற்றுக்கு நேராக நின்றது. அண்ணனின் ஆள்காட்டி விரல் விசை வளையத்துக்குள் இருந்தது. குதிரை ஏறி நிற்கையில் விசையை லேசாக அழுத்தினாலே போதும்.

"மாமா, டோன்ட் மூவ்" என்றாள் யாழினி. இந்த முறை கத்தவில்லை. அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. "விரலை வெளிய எடுங்க. மெதுவா. அத்தை, ஓவியாவைத் தூக்கிக்கிட்டு வெளிய போங்க."

அண்ணி ஏன் என்று கேட்கவில்லை. போனார்.

"காலிதான்டா கண்ணு" என்றார் அண்ணன்.

"எப்படித் தெரியும்?"

"அப்பா எப்பவும் காலி பண்ணித்தான் வைப்பாரு."

"கடைசியிலயும் அப்படி வெச்சாரா?"

கடைசியில் அப்பா சாப்பிட்டதையே மறந்து மறுபடி கேட்பார்.

ஆனாலும் அண்ணன் விடவில்லை. துரு பிடித்தது சுடாது என்றார். மருந்து நமத்துப் போயிருக்கும் என்றார். தோட்டா உள்ளே இருந்தால் கனம் தெரியும் என்றார். கடைசியாக, "லைசென்ஸே முடிஞ்சு போச்சு, அது எப்படிம்மா சுடும்?" என்றார். வேறு நாளாக இருந்தால் அதை வருஷம் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்போம். அவர் நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

"இப்படியே மெதுவா குதிரையை இறக்கி விட்டுடறேன்."

"வேணாம் மாமா. வழுக்கிடுச்சுன்னா போச்சு."

"அப்ப நீ வாங்கிக்க. உனக்குத்தான் தெரியுதே."

"எனக்கு இந்தத் துப்பாக்கி தெரியாது மாமா. இதைக் கீழ வைக்கணும், அவ்வளவுதான் தெரியும்." அவள் சுற்றிலும் பார்த்தாள். "அந்தச் சுவருக்குப் பின்னாடி யாரு?"

பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தபால்காரர். அந்தச் சுவரை ஒட்டித்தான் அவருடைய கட்டில். மதியம் தூங்கும் நேரம்.

"ஜன்னல் பக்கம்?"

தெரு. ஆற்றுக்குப் போகிற யாத்ரீகர் கூட்டம், பூக்காரர்கள், ஆட்டோக்கள்.

"கீழ?"

கீழ் வீட்டில் மாமி பெருமாளுக்குத் தளிகை பண்ணிக்கொண்டிருப்பார். மேலே மொட்டை மாடியில் ஒரு பெண் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படிக்கிறாள். காலையில் நானே பார்த்தேன்.

எத்தனையோ முறை வந்துபோன வீடு. அதன் ஆறு பக்கமும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒருவர் இருந்தார். அண்ணனின் கை நடுங்க ஆரம்பித்தது. கை நடுங்கினால் குழலின் முனை எவ்வளவு ஆடுகிறது என்பதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கடைசியில் யாழினிதான் மூலையில் இருந்த கான்கிரீட் தூணைக் கண்டுபிடித்தாள். அண்ணி வாங்கிப்போட்டிருந்த அரிசி மூட்டைகள் இரண்டு சமையலறையில் இருந்தன. நானும் அவளும் இழுத்துவந்து தூணில் சாய்த்தோம். மெத்தையைத் தரையில் விரித்தோம். அண்ணன் மண்டியிட்டு, முனையை மூட்டைக்கு நேராக வைத்து, அதை மெத்தையில் கிடத்தினார். கையை எடுத்த பிறகும் அப்படியே மண்டியிட்டிருந்தார். நான் தோளைப் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது.

4

வெளியே வந்து கதவைப் பூட்டினோம். தபால்காரரை எழுப்பி வெளியே வரச் சொன்னோம். மாமி விஷயத்தைக் கேட்டதும், "ரங்கா! ஆத்துக்குள்ள துப்பாக்கியா?" என்று அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்துவிட்டார். மாடிப் பெண்ணும் புத்தகத்தோடு இறங்கி வந்தாள்.

"போலீஸைக் கூப்பிடணும்" என்றாள் யாழினி.

அண்ணன் என்னைத் தனியாக அழைத்தார். "கேஸ் ஆயிடும் பாப்பா. வருஷமா வெச்சிருந்திருக்கேன். வேலையே போயிடும். பேசாம கார்ல வெச்சு மருங்காபுரிக்குக் கொண்டுபோயிடலாம். கெணத்துல போட்டுடலாம்."

"அதைக் கார் வரைக்கும் யார் தூக்கிட்டு வர்றது அண்ணே?"

அவர் படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். எங்கள் வீட்டில் தப்பு செய்யாத பிள்ளை அவர்தான். அண்ணனைப் போலீஸில் நானே கொண்டுபோய் நிறுத்துவதா என்று ஒரு நிமிஷம் எனக்கும் கால் வரவில்லை. மாமி ஓவியாவை மடியில் வைத்துக்கொண்டு யானைக்குத் தும்பிக்கை வரைய உதவிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும், "வண்டிய எடுங்க அண்ணே" என்றேன்.

ஸ்டேஷனில் எழுத்தர் நிமிராமலே கேட்டார். "எலெக்ஷன் டெபாசிட்டா? துப்பாக்கி எங்க?"

"வீட்டுல இருக்குங்க."

"எடுத்துட்டு வாங்க. லைசென்ஸ் ஜெராக்ஸ் ரெண்டு."

"எடுத்துட்டு வர முடியாதுங்க. குதிரை ஏறி நிக்குது."

"எறக்கிட்டு எடுத்துட்டு வாங்க."

"உள்ள தோட்டா இருக்கான்னு தெரியலைங்க."

"தெறந்து பார்த்துட்டு எடுத்துட்டு வாங்கம்மா."

இப்படியே இன்னும் கொஞ்ச நேரம் போயிருக்கும். உள்ளறையிலிருந்து பெண் சப்-இன்ஸ்பெக்டர் எழுந்து வந்தார். "ஏறி நிக்குதா? வீட்டுக்குள்ளயா? பக்கத்துல யாரு இருக்காங்க?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் போனை எடுத்தார். ஆயுதப்படையிலிருந்து, துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் ஆர்மரர் ஒருவர் வருவார், அதுவரை யாரும் கதவைத் திறக்கக் கூடாது என்றார். இரண்டு காவலர்களை எங்களோடு அனுப்பினார்.

திரும்பி வந்தபோது யாழினி பூட்டிய கதவுக்கு எதிரே படியில் உட்கார்ந்திருந்தாள். கீழே போய் இரு என்று எத்தனை பேர் சொல்லியும் போகவில்லையாம். பக்கத்தில் உட்கார்ந்தேன். கை ஜில்லென்று இருந்தது.

"இதெல்லாம் ரைபிள் டீம்ல சொல்லிக் குடுத்தாங்களா?" என்றேன், ஏதாவது பேச வேண்டுமே என்று.

"ஆமா." ஆங்கிலமும் தமிழும் கலந்து சொன்னாள். "நைன்த் கிரேடுல லாக்டவுன் வந்துச்சே, ஞாபகம் இருக்காம்மா?"

இருக்கிறது. யாரோ துப்பாக்கியோடு நுழைந்துவிட்டதாகத் தகவல் வந்து பள்ளியில் எல்லா அறைகளையும் பூட்டிய நாள். வேலையில் இருந்தபோது 'லவ் யூ அம்மா' என்று மட்டும் ஒரு செய்தி வந்தது. பிறகு பள்ளியிலிருந்து, தவறான தகவல், யாருக்கும் ஆபத்தில்லை என்று அறிவிப்பு வந்தது. மாலை வீட்டுக்கு வந்தவள் தோசை கேட்டாள். சுட்டுக் கொடுத்தேன். நாங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஒன்றும் நடக்கவில்லையே என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"ஆர்ட் ரூம் அலமாரிக்குள்ள ஒளிஞ்சிருந்தோம். வெளிய டப்புன்னு ஒரு சத்தம். அது துப்பாக்கியா, கதவா, எங்க டீச்சருக்கும் தெரியல. ஒருத்தருக்கும் எதுவும் தெரியல. எனக்குத் தெரிஞ்சிருக்கணும்னு தோணுச்சு. அதான் சேர்ந்தேன்."

வேறு நாட்டுப் பிள்ளையாக மாறிக்கொண்டு போகிறாள், அதனால்தான் இந்த விளையாட்டில் எல்லாம் சேருகிறாள் என்று அவள் சேர்ந்த நாளிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் கையைத் தேய்த்துச் சூடேற்றினேன்.

5

அண்ணன் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். காலதாமதத்துக்கு விளக்கம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். கலெக்டர் அலுவலகத்துக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறார். தானாக வந்து சொன்னதால் வழக்கு வராது என்றுதான் சப்-இன்ஸ்பெக்டர் சொன்னாராம். வேலை இருக்கிறது. நன்றாகத் தூங்குவதில்லை என்று அண்ணி சொல்கிறார்.

அன்று மாலை ஆர்மரர் வந்தார். எங்களை எல்லாம் தெருமுனை வரை தள்ளி நிறுத்திவிட்டு உள்ளே போனார். வெகுநேரம் கழித்து வெளியே வந்து, குதிரைக்கு அடியில் ரப்பர் கட்டை செருகியிருக்கிறேன், ஆனால் துப்பாக்கியைத் திறக்க முடியவில்லை, துருவில் ஒட்டிக்கொண்டது என்றார்.

"உள்ள இருக்குங்களா?" என்றார் அண்ணன்.

"தெரியலைங்க சார். விசைய இழுத்துப் பார்த்தாத்தான் தெரியும். காலின்னா டிக்குன்னு கேக்கும்."

மேலதிகாரிகளிடம் போனில் பேசிவிட்டு, இருட்டுவதற்குள் கொள்ளிடத்து மணலுக்குக் கொண்டுபோய் இழுத்துவிடலாம் என்று முடிவுசெய்தார்கள். ஜீப்பில் அதை வைத்துக்கொண்டு முன்னால் போனார்கள். வாக்குமூலத்துக்கு வேண்டும் என்று எங்களையும் பின்னால் வரச் சொன்னார்கள். அண்ணி ஓவியாவோடு மாமி வீட்டில் இருந்துவிட்டார்.

கொள்ளிடத்தில் தண்ணீர் ஓரமாக ஒரு கால்வாய் அளவுக்குத்தான் ஓடியது. மற்றதெல்லாம் மணல். ஆட்கள் இல்லாத பக்கமாக வெகுதூரம் நடந்து, ஒரு மணல் திட்டுக்கு எதிரே துப்பாக்கியை மரக்கட்டையில் வைத்துக் கட்டினார்கள். விசையில் நீளமான கயிறு. காவலர்கள் எங்களை நன்றாகப் பின்னால் நிறுத்தினார்கள். ஆர்மரர் ரப்பரை எடுத்துவிட்டு எங்கள் பக்கமாக வந்து, கயிறு இருந்த இடத்தில் உட்கார்ந்தார்.

"காலிதான். பாரேன்" என்றார் அண்ணன் என்னிடம், மெல்ல. அவர் அதை நம்பிச் சொல்லவில்லை. வேண்டிக்கொண்டார்.

கயிறு இறுகியது.

சின்ன வயதில் அப்பா வெடித்ததைத் தூரத்திலிருந்து கேட்டிருக்கிறேன்; மற்றதெல்லாம் பயிற்சிக் கூடத்துக்குள், காதை மூடிக்கொண்டு கேட்டது. இது நெஞ்சில் அறைந்தது. எதிரே மணல் திட்டு வாளியால் அள்ளி எறிந்த மாதிரி எழும்பி விழுந்தது. நாணலுக்குள்ளிருந்து கொக்குக் கூட்டம் மொத்தமாகக் கிளம்பிற்று.

அண்ணன் மணலில் உட்கார்ந்துவிட்டார். "ஓவியா அங்க உக்காந்திருந்தா" என்றார். "பாப்பா, அவ அங்கதானே உக்காந்து யானை வரைஞ்சிக்கிட்டிருந்தா." திரும்பத் திரும்ப அதையே சொன்னார். குனிந்து அவர் முதுகைத் தடவிக்கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

யாழினியைக் காணவில்லை.

கீழே பார்த்தேன். குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் தலையைக் கவிழ்த்து மூடிக்கொண்டு, மணலோடு மணலாகக் கிடந்தாள். வாராவாரம் துப்பாக்கியைத் தோளில் தாங்கிச் சுடுகிற பெண். மதியம் முழுக்க எங்கள் எல்லாரையும் நடத்தியவள். நான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கை வைத்தேன். "முடிஞ்சிடுச்சுடா. எந்திரி" என்றேன். உடனே எழுந்திருக்கவில்லை.

தலையைத் தூக்கியபோது முகமெல்லாம் மணல். முதலில் எங்களை எண்ணுவது போல ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு தூரத்தைப் பார்த்தாள். அங்கே தண்ணீர் ஓரத்தில் நாலைந்து பெண்கள் துணி அலசிக்கொண்டிருந்தார்கள். கரையில் ஒருவர் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். சமயபுரத்துக்கு நடக்கிற மஞ்சள் சேலைக் கூட்டம் ஒன்று பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது.

"அம்மா, யாருமே ஓடலையே" என்றாள்.

"கோயில் வேட்டுன்னு நெனச்சிருப்பாங்க."

"சத்தம் கேட்டுச்சா அவங்களுக்கு?"

"கேட்டிருக்கும்."

அவள் முகத்து மணலைத் துடைக்கவில்லை. துணி அலசுகிற பெண்களில் ஒருத்தி எதற்கோ சத்தமாகச் சிரித்தாள். பிழிந்த சேலையின் இன்னொரு முனையை எதிரில் இருந்தவளிடம் நீட்டினாள். இருவரும் முறுக்க ஆரம்பித்தார்கள். அதை யாழினி வாய் திறந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள். காவலர் வந்து போகலாம் என்று கூப்பிட்டார். "கொஞ்சம் இருங்க சார்" என்று சொல்லிவிட்டு நான் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.